ஒருவர் கையொப்பம், நால்வர் பயணம்

நண்பர் நால்வர் சேர்ந்து வெளிநாட்டில் ஒரு மோட்டார்க் காரை வாடகைக்கு எடுக்கிறார்கள். அந்தக் காரை எடுத்தவர் எத்தனை பேர்? நால்வர் என்று நண்பர்கள் சொல்வார்கள். ஒருவர் என்று ஒப்பந்தத் தாள் சொல்லும். இந்த இரண்டு விடைகளுக்கும் இடையே உள்ள வேற்றுமையைப் பற்றியே இங்குச் சில சொல்ல விரும்புகிறேன்.

தலைநகருக்கு வந்து படிக்கும் நமக்கு இது தொலைவான செய்தி அன்று. நம் சங்கத்து உறுப்பினருள் சிலர் ஆண்டுதோறும் ஐரோப்பாவுக்குச் செல்கின்றனர். ஒரு பருவம் தங்கிப் படிக்கச் செல்வோர் உண்டு. ஆய்வரங்கில் கட்டுரை படிக்கச் செல்வோரும் உண்டு. வந்த வேலை முடிந்தபின் நாலைந்து நாள் மிஞ்சும். விசாவிலும் நாள் இருக்கும். "ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஒரு கார் எடுத்தால் என்ன?" என்று யாரோ ஒருவர் கேட்பார். கேட்ட மாத்திரத்தில் மற்ற மூவரும் தலையாட்டிவிடுவார்கள். ஆளுக்கு எவ்வளவு என்ற கணக்கு ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். ஆனால் கணக்கில் வர வேண்டியவற்றில் வாடகை ஒரு பகுதிதான். மற்றப் பகுதிகளை யாரும் அப்போது கேட்பதில்லை.

காரில் ஊர் சுற்றுவதற்கு நான் எதிரி அல்லன். இத்தாலியையே எடுத்துக்கொள்வோம். மிலான், பொலோஞ்ஞா, ஃபிளாரன்ஸ், ரோம் ஆகிய பெருநகரங்களை விரைவு ரயில் இணைக்கிறது. அவற்றைக் காணக் கார் வேண்டியதில்லை. அந்நகரங்களுக்குள் கார் ஒரு சுமையே. ஆனால் டஸ்கனி மாநிலத்துக் குன்றுகளின் மேல் இருக்கும் சிற்றூர்களை நாடினால் நிலைமை வேறு. கோபுரங்களுக்குப் பேர்போன சான் ஜிமிஞ்ஞானோவுக்கு ரயில் நிலையமே இல்லை. போஜ்ஜிபோன்சியில் இறங்கிப் பஸ் பிடிக்க வேண்டும். ஃபிளாரன்சிலிருந்து கியாந்தித் திராட்சைத் தோட்டங்களின் நடுவே சியனாவுக்குச் செல்லும் சாலையில், நினைத்த இடத்தில் நிறுத்தி, நினைத்தபோது புறப்படும் இன்பத்தைப் பஸ் தர முடியாது. மிலானிலிருந்து ஏரிகளை நோக்கிச் செல்லும் மோட்டார் நெடுஞ்சாலையை 1924ஆம் ஆண்டிலேயே திறந்த நாடு அது. மிலானையும் நேப்பிள்சையும் இணைக்கும் "கதிரவன் நெடுஞ்சாலை" 1964ஆம் ஆண்டில் முழுமை பெற்றது. சாலையில் செல்வதே ஒரு காட்சியாக இருக்கும் நாட்டில் கார் எடுக்காதே என்று யார் சொல்வார்?

எடுக்கட்டும். ஆனால் எடுப்பவர் யார் என்பதைக் கொஞ்சம் பார்ப்போம்.

வாடகை நிறுவனத்தார் மூன்று பொருள்களைக் கேட்கிறார்கள். முதலாவது லைசென்ஸ். இத்தாலியில் நம் நாட்டு லைசென்ஸோடு பன்னாட்டு ஓட்டுநர் அனுமதிச் சீட்டும் வேண்டும். 1949ஆம் ஆண்டு ஜெனீவாவில் ஏற்பட்ட சாலைப் போக்குவரத்து உடன்படிக்கையில் இந்தியாவும் சேர்ந்திருப்பதால், ஆர்.டி.ஓ. அலுவலகத்தின் வழியாகவே அதைப் பெறலாம். ஓராண்டுக்குச் செல்லும். அது தனி லைசென்ஸ் அன்று, நம் லைசென்ஸின் மொழிபெயர்ப்பே. மூலத்தை வீட்டில் வைத்துவிட்டு மொழிபெயர்ப்பை மட்டும் எடுத்துச் செல்வோருக்கு அதனால் பயனில்லை.

இரண்டாவது வயது. 21 நிரம்பியிருக்க வேண்டும் என்று பல நிறுவனங்கள் விதி வைத்துள்ளன. 25க்குக் கீழ்ப்பட்டவர்களிடம் நாளுக்கு இவ்வளவு என்று கூடுதலாகவும் வாங்குவார்கள்.

மூன்றாவதுதான் முக்கியமானது: கிரெடிட் கார்டு. அது ஒப்பந்தத்தில் கையொப்பமிடுபவரின் பெயரிலேயே இருக்க வேண்டும். டெபிட் கார்டைப் பலர் ஏற்பதில்லை. 2020ஆம் ஆண்டு ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதிப்படி, நம் கார்டுகள் வெளிநாட்டில் இயங்க வேண்டுமானால் அவ்வசதியை நாமே முன்கூட்டித் திறந்துவைக்கவும் வேண்டும்.

மாணவர் நால்வரில் இம்மூன்றும் உடையவர் பெரும்பாலும் ஒருவர்தான் இருப்பார். அவர் நன்றாக ஓட்டுகிறவராக இருக்க வேண்டும் என்பதில்லை; வழி தெரிந்தவராக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. கார்டு வைத்திருக்கிறார், அவ்வளவே. பயணத்தின் தலைவரைத் தேர்ந்தெடுப்பது நண்பர்கள் அல்லர், வங்கி!

அவர் கையொப்பமிட்டதும் என்னென்ன அவர் தலையில் ஏறுகின்றன? டெபாசிட் தொகை அவர் கார்டில் முடக்கப்படும். விபத்துக் காப்பீடு உண்டு என்பார்கள். ஆனால் சேதத்தில் முதல் இவ்வளவு யூரோவை வாடகைக்கு எடுத்தவரே தர வேண்டும் என்று ஒரு வரம்பு இருக்கும். டயர், கண்ணாடி, வண்டியின் அடிப்பாகம் ஆகியவற்றுக்கு ஏற்படும் சேதமும், டீசல் வண்டியில் பெட்ரோல் ஊற்றிய கேடும் பல காப்பீடுகளில் அடங்குவதில்லை. (அங்கே டீசலுக்கு "கசோலியோ" என்று பெயர். நம் காதுக்கு அது பெட்ரோல் போலவே ஒலிக்கும், எச்சரிக்கை.) ஒப்பந்தத்தில் பெயர் எழுதப்படாத ஒருவர் ஓட்டி விபத்து நேர்ந்தால், காப்பீடே கைவிட்டுவிடும். இரவில் அலுவலகம் மூடிய பின் சாவியைப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தால், மறுநாள் அவர்கள் வண்டியைப் பார்க்கும் வரை ஏற்படும் கீறலுக்கும் இவரே பொறுப்பு என்று பல ஒப்பந்தங்களில் எழுதியிருக்கும்.

இவை எல்லாவற்றையும்விட நீண்ட கை உடையது அபராதம். அது பயணம் முடிந்து பல மாதம் கழித்துக் கதவைத் தட்டும்.

இத்தாலிய நகரங்கள் பலவற்றின் பழைய நடுப்பகுதிகளில் வெளியார் வண்டிகள் நுழையக் கூடாது. "ட்ஸோனா அ ட்ராஃபிக்கோ லிமிட்டாட்டோ" என்று அப்பகுதிக்குப் பெயர். போக்குவரத்துக்கு வரம்பிட்ட பகுதி என்று பொருள். ஃபிளாரன்ஸ், பீசா, சியனா, ரோம் எங்கும் இது உண்டு. காவலர் நின்று தடுக்க மாட்டார். கயிறு கட்டியிருக்காது. சிவப்பு வளையமிட்ட ஒரு வெள்ளைப் பலகையும் அதனருகே ஒரு கேமராவும் இருக்கும். சில இடங்களில் "வார்கோ அத்தீவோ" என்று விளக்கெழுத்து ஒளிரும். "வாயில் இயங்குகிறது" என்று அதற்குப் பொருள். வாயில் திறந்திருக்கிறது போலும் என்று எண்ணி உள்ளே செல்பவர் பலர். உண்மையில் தடை இயங்குகிறது என்பதே அதன் கருத்து. "நோன் அத்தீவோ" என்றிருந்தால்தான் நுழையலாம். ஒவ்வொரு கேமராவைக் கடப்பதும் தனித்தனிக் குற்றமாகக் கருதப்பட்டதுண்டு. கேமரா வண்டியின் எண்ணைப் படிக்கும். ஓட்டுபவரின் முகம் அதற்கு வேண்டியதில்லை. எண் வாடகை நிறுவனத்துக்கு இட்டுச் செல்லும். நிறுவனம் கையொப்பமிட்டவரின் பெயரையும் முகவரியையும் நகரக் காவலருக்கு எழுதி அனுப்பும். அப்படி எழுதியதற்கு ஒரு கட்டணத்தை அவர் கார்டிலிருந்தே எடுத்துக்கொள்ளும். அது அபராதம் அன்று. அபராதம் பின்னால் வரும். வெளிநாட்டில் வசிப்பவருக்கு அறிவிப்பு அனுப்ப இத்தாலியச் சட்டம் 360 நாள் தவணை தருகிறது.

என் விடுதி அறைத்தோழர் ஒருவருக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். 2023ஆம் ஆண்டு மே மாதம் அவரும் நண்பர் மூவரும் பொலோஞ்ஞாவில் கார் எடுத்தனர். நான்கு நாளைக்கு 240 யூரோ, ஆளுக்கு 60. கார்டு இவருடையது. உதவித்தொகையில் மிச்சம் பிடித்து வங்கியில் போட்ட வைப்பின் மேல் வாங்கிய கார்டு அது. 1,000 யூரோ டெபாசிட், ஏறக்குறைய 90,000 ரூபாய், அதில் முடங்கியது. வண்டி கீறலின்றித் திரும்பியது, டெபாசிட்டும் விடுபட்டது. எல்லாரும் மகிழ்ச்சியோடு தில்லி திரும்பினார்கள்.

ஆகஸ்டில் கார்டிலிருந்து 50 யூரோ இரு முறை கழிந்தது. ஏன் என்று விளங்கவில்லை. 2024 பிப்ரவரியில் கரூரில் இருக்கும் அவருடைய தந்தையாருக்கு ரிஜிஸ்தர் தபாலில் இரண்டு உறைகள் சென்றன. லைசென்ஸில் இருந்தது வீட்டு முகவரி அல்லவா? தந்தையார் முப்பது ஆண்டு அரசுப் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். உறையின் மேல் நகரக் காவல்துறையின் முத்திரை இருந்தது. மகன் படிப்புக் கெடக் கூடாதென்று அவர் உடனே சொல்லவில்லை. உறையைப் பூஜை அலமாரியில் வைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மகன் பேசும்போதுதான் கேட்டார்: "ஏம்ப்பா, வெளிநாட்டுப் போலீஸ்ல இருந்து ரெண்டு கவர் வந்திருக்கு. அங்க ஒண்ணும் தப்புத்தண்டா நடக்கலையே?"

அந்தக் கேள்விதான் என் தோழரை வாட்டியது. ஃபிளாரன்ஸில் அந்த இரண்டு கேமராக்களையும் கடந்தபோது ஓட்டியவர் அவர் அல்லர். அறிவிப்புக் கையில் கிடைத்த ஐந்து நாள்களுக்குள் கட்டினால் அபராதத்தில் நூற்றுக்கு முப்பது குறையும். அந்த ஐந்து நாளும் பூஜை அலமாரியிலேயே கழிந்துவிட்டன. தபால் செலவும் சேர்த்து அபராதம் ஒவ்வொன்றும் நூறு யூரோவுக்கு மேல். கட்டணங்களையும் கூட்டினால் ஏறக்குறைய 28,000 ரூபாய்.

நண்பர்களிடம் கேட்டார். "மேப் காட்டின வழியிலதானே போனேன்" என்றார் ஓட்டியவர். "வழி சொன்னது நான்தான், போர்டைப் பார்க்க வேண்டியது ஓட்டறவன்தானே" என்றார் பக்கத்தில் அமர்ந்து செல்போனைப் பிடித்தவர். "நான் தூங்கிக்கிட்டு இருந்தேன்" என்றார் பின்னால் இருந்தவர். மூவர் சொன்னதும் பொய் அன்று. அதுதான் இதில் உள்ள கொடுமை. மூவருக்கும் தத்தமக்கென ஒரு நியாயம் இருந்தது. நான்காமவருக்கு மட்டும் பெயர் இருந்தது. அவரே முழுத்தொகையையும் கட்டினார். நால்வரும் இன்றும் பேசிக்கொள்கிறார்கள். ஆனால் ஒரு மேசையில் உட்கார்ந்து உண்பதில்லை.

"கட்டாமல் விட்டால் என்ன? கடல் கடந்து வந்தா பிடிப்பார்கள்?" என்று விடுதியில் அறிவுரை சொன்னோர் உண்டு. அந்த அறிவுரையை நான் ஏற்கவில்லை. 60 நாள் கடந்தால் தொகை ஏறும் என்பது ஒரு புறம் இருக்கட்டும். எழுநூறு எண்ணூறு ஆண்டுப் பழமை உள்ள தெருக்களில் நடப்பவர் நடக்கவும் குடியிருப்பவர் மூச்சு விடவும் ஏற்பட்ட விதி அது. மதுரையின் மாசி வீதிகளில் வெளியூர்க் கார்கள் நுழைந்து அடைத்துக்கொண்டால் நாம் என்ன சொல்வோம்? விருந்தாளியாகச் சென்ற வீட்டின் விதியை விருந்தாளி மதிக்க வேண்டும். அபராதம் கட்ட வேண்டியதே. யார் கட்டுவது என்பதுதான் கேள்வி.

என் கருத்து இது: கையொப்பம் ஒருவருடையதாக இருக்கலாம், பொறுப்பு நால்வருடையதாகவே இருக்க வேண்டும். அதைப் புறப்படுமுன் எழுதிக்கொள்ள வேண்டும்.

"நண்பர்களுக்குள் காகிதமா?" என்று கேட்பீர்கள். நம்மவருக்கு இந்த எண்ணம் இயல்பானதே. பணத்தைப் பற்றிப் பேசினால் அன்பு குறைந்துவிடும் என்று நினைக்கிறோம். உண்மையில் அன்பைக் குறைப்பது பணத்தைப் பற்றிப் பேசாமல் இருந்து, பிறகு பேச நேர்வதே. வள்ளுவர் நட்பு என்று ஓர் அதிகாரம் வகுத்ததோடு நிற்கவில்லை. அடுத்ததாகவே நட்பாராய்தல் என்றும் ஓர் அதிகாரம் வகுத்தார். ஆராய்வது நட்புக்குப் பகை என்று அவர் கருதியிருந்தால் அப்படி அடுத்தடுத்து வைத்திருக்க மாட்டார்.

2024 ஜூனில் எனக்கும் அந்நாட்டுக்குச் செல்லும் வாய்ப்புக் கிடைத்தது. எங்கள் நால்வரில் கார்டு உடையவர் வேதியியல் ஆராய்ச்சி மாணவியான ஓர் அக்கா. கார் பேசும்போதே அவர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து வைத்தார். "என்ன அக்கா, எங்க மேல நம்பிக்கை இல்லையா?" என்று எங்களில் இளையவன் கேட்டான். "நம்பிக்கை இருக்கறதாலதான்டா எழுதச் சொல்றேன். இல்லேன்னா உங்களோட கார்லயே ஏற மாட்டேன்" என்றார் அக்கா. பத்து வரி எழுதினோம். நால்வரும் கையொப்பமிட்டோம். மூன்றாம் நாள் நெடுஞ்சாலையில் முன்னே சென்ற லாரியின் சக்கரத்திலிருந்து ஒரு கல் தெறித்துக் கண்ணாடியில் விரிசல் விழுந்தது. நிறுவனம் 280 யூரோ எடுத்துக்கொண்டது. அன்று மாலையே ஆளுக்கு 70 கணக்காகிவிட்டது. யார் ஓட்டினார், யார் தூங்கினார் என்ற பேச்சே எழவில்லை. இரவு உணவின்போது நாங்கள் பேசியது சியனாவின் சதுக்கத்தைப் பற்றி.

அந்தத் தாளில் இருந்தவற்றை, பிறருக்கும் பயன்படும் என்பதால், இங்கே தருகிறேன்.

1. காப்பீடு விட்டுவைக்கும் வரம்புத் தொகையில் நாலில் ஒரு பங்கு ஒவ்வொருவரிடமும் பயணம் முடியும் வரை தொடாமல் இருக்க வேண்டும். அது இல்லாதவர் ரயிலில் வரலாம்.

2. ஓட்டுவோர் அனைவர் பெயரும் ஒப்பந்தத்தில் ஏற வேண்டும். அதற்குரிய கட்டணம் பொதுச் செலவு. பெயர் ஏறாதவர், தனிச் சாலையாயினும், ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது.

3. வண்டியைப் பெறும்போதும் விடும்போதும் நால்வரும் சுற்றிப் பார்த்துப் படம் எடுக்க வேண்டும். பழைய கீறல் ஒவ்வொன்றையும் நிறுவனத்தின் தாளில் எழுதச் செய்ய வேண்டும்.

4. வழி தவறியதால் வரும் அபராதம் நால்வருக்கும் பொது. வேகத்தால் வரும் அபராதம் ஓட்டியவருக்கே உரியது.

5. இன்ன நேரத்தில் இன்னார் ஓட்டினார் என்று ஒரு சிறு குறிப்பேடு.

6. பயணம் முடிந்து ஓராண்டு வரை இத்தாள் செல்லும்.

நான்காவது விதியைப் பற்றிப் பலர் என்னோடு வாதாடினார்கள். ஓட்டியவர்தானே பலகையைப் பார்த்திருக்க வேண்டும் என்பது அவர்கள் கட்சி. நான் அப்படி நினைக்கவில்லை. நாம் இடப்புறம் ஓட்டிப் பழகியவர்கள். அங்கே வலப்புறம், ஸ்டியரிங் இடப்பக்கம், கியர் வலக்கையில். நம்மூர்க் கார்கள் பலவற்றில் வலப்பக்கம் இருக்கும் இண்டிகேட்டர் அங்கே இடப்பக்கம். திரும்பும்போது கையை அசைத்தால் வெயிலில் வைப்பர் ஓடும். இத்தனையையும் சமாளித்துக்கொண்டு ஒருவன் தெரியாத ஊரில் தெரியாத மொழிப் பலகைகளையும் தானே படிக்க வேண்டும் என்பது முறையன்று. அவன் கண் சாலைக்கு. மற்றவர் கண் பலகைக்கு. ஆகவே வழிக்கு நால்வரும் பொறுப்பு. வேகம் அப்படி அன்று. நெடுஞ்சாலையில் 130, மழை பெய்தால் 110, ஊருக்குள் 50 என்று எல்லை தெளிவாக இருக்கிறது. அதை மீறுவது ஒரே ஒருவரின் கால்.

ஆறாவது விதியைச் சிலர் பார்த்துச் சிரிப்பார்கள். கரூருக்குத் தபால் போகப் பிடித்த மாதங்களை எண்ணிப் பார்த்தால் சிரிப்பு அடங்கும். வீட்டு முகவரிக்குத் தபால் வரக்கூடும் என்று பெற்றோரிடம் முன்பே சொல்லிவைப்பதும் பிள்ளைகளின் கடமை.

இதில் நம் சங்கத்துக்கும் ஒரு வேலை இருக்கிறது. பொங்கல் விழாவுக்கும் முத்தமிழ் விழாவுக்கும் ஆள் சேர்க்கத் தெரிந்த நமக்கு, ஓர் அச்சிட்ட தாளை அலுவலக அலமாரியில் வைக்கத் தெரியாதா? வெளிநாடு செல்லும் உறுப்பினர் அதை எடுத்துச் செல்லட்டும். சென்று வந்தவர்கள் எந்த நகரில் எந்தத் தெருவில் கேமரா இருக்கிறது, விடுதிக்காரர் வண்டி எண்ணைப் பதிந்து நுழைவு அனுமதி பெற்றுத் தந்தாரா, சுங்கச் சாவடியில் எந்த வரிசையில் நின்றோம் என்பவற்றை ஒரு நோட்டில் எழுதிவைக்கட்டும். மஞ்சள் வரிசை முன்கூட்டிக் கருவி வாங்கியவர்களுக்கு உரியது என்பதைப் புதிதாகச் செல்பவன் அங்கே போய்த்தான் அறிய வேண்டும் என்பதில்லை. மூத்தவர் அறிந்தது இளையவருக்குச் சேர வேண்டும். அதற்குத்தானே சங்கம்?

வரும் பொதுக்குழுவில் இதை ஒரு தீர்மானமாகக் கொண்டுவர எண்ணியிருக்கிறேன். எதிர்த்துப் பேச விரும்புவோர் தயங்காமல் வருக. ஆனால் வருமுன் ஒன்று செய்யுங்கள். உங்கள் நண்பர் குழுவில் கார்டு வைத்திருப்பவர் யார் என்று கேளுங்கள். பிறகு, அவருடைய லைசென்ஸில் யாருடைய வீட்டு முகவரி இருக்கிறது என்றும் கேட்டுக்கொண்டு வாருங்கள்.